லேசர் போட்ட தகட்டில் தண்ணீர் பரவுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்

தம்பி, தண்ணீர் ஒட்டாமல் இருக்கவென்று கொழும்புப் பட்டறையில் லேசர் போட்டு வாங்கிய ஸ்டீல் தகட்டில் தண்ணீர் உருண்டோடாமல் பரவுகிறது என்று எழுதியிருந்தீர்கள். தகட்டில் பிழை இல்லை. லேசர் பட்டதும் நுண்ணிய மேடுபள்ளமும் ஒட்சிசனோடு உலோகம் சேர்ந்த புது ஒக்சைட் படலமும் உருவாகும். ஒக்சைட் தண்ணீரை இழுக்கும், மேடுபள்ளம் அதை இன்னும் கூட்டிவிடும். காற்றிலுள்ள கரிமச் சேர்மங்கள் மெல்லப் படியப் படியத்தான் நிலைமை தலைகீழாகி, தகடு தண்ணீரை விலக்கும். நாட்கள், சிலவேளை வாரங்கள் ஆகும். அவசரமென்றால் 100 பாகை செல்சியஸ் சூட்டில் ஓவனில் சில மணிநேரம் வையுங்கள். தண்ணீருக்குள் மட்டும் போட்டு வைக்காதீர்கள், மாற்றம் தள்ளிப்போகும். வெள்ளவத்தைப் பக்கம் என்றால் கடற்காற்று வரும் யன்னலோரமும் வேண்டாம், உப்புப் படியும். அப்புறம், தொடுகோணம் (துளியின் ஓரம் தகட்டோடு அமைக்கும் கோணம், அது கூடக்கூடத் துளி உருண்டையாக நிற்கும்) 150 பாகையைத் தாண்டினாலும் தகட்டைச் சரித்துப் பாருங்கள். சிலவற்றில் துளி ஒட்டிக்கொண்டே நிற்கும்.