ஆரம்பிச்சவர் போய்ட்டா கம்பெனி அவ்ளோதானா?

கேள்வி: சார், ஸ்டீவ் ஜாப்ஸ் போனதோட ஆப்பிள் கதை முடிஞ்சிச்சு, அதுக்கப்புறம் புதுசா ஒண்ணுமே வரலனு என் ஃப்ரெண்ட் அடிச்சு சொல்றான். தலைமை மாறிட்டா ஒரு டெக் கம்பெனியால பழைய வேகத்துல புதுசு புதுசா கொண்டுவர முடியாதா?

பதில்: முடியும்ங்க, ஆனா புது ஆள் வந்த ரெண்டு வருஷத்துலயே தீர்ப்பு சொல்லக் கூடாது, ஏன்னா அப்போ வர்றதெல்லாம் பழைய ஆள் போட்ட விதை. ஜாப்ஸுக்கு அப்புறம் டிம் குக் பொறுப்புக்கு வந்தது 2011 ஆகஸ்ட்ல, 2015ல ஆப்பிள் வாட்ச் வந்துச்சு, 2016 கடைசில ஏர்பாட்ஸ்ங்கற வயர் இல்லாத இயர்போன். என்னைக் கேட்டா அதெல்லாத்தவிட பெரிய விஷயம் 2020ல அவங்க மேக் கம்ப்யூட்டர்ல இருந்த இன்டெல் கம்பெனி சிப்ப தூக்கிட்டு சொந்தமா எம்1 சிப்ப போட்டதுதான். அந்த மேக்புக் ஏர்ல ஃபேனே கிடையாது, மடில வச்சு வீடியோ எடிட் பண்ணாலும் சத்தமே இருக்காது, சார்ஜும் நாள் பூரா நிக்கும். ஆனா அதோட வேர் எங்க இருக்கு பாருங்க, 2008ல ஜாப்ஸ் இருக்கும்போதே பி.ஏ.செமினு ஒரு சின்ன சிப் கம்பெனிய வாங்குனாங்க, 2010ல ஐபேட்ல ஏ4ங்கற அவங்க சொந்த சிப் வந்துச்சு, அப்புறம் தலைமை மாறியும் அந்த வேலைய நிறுத்தாம பன்னெண்டு வருஷம் காசு போட்டு வளத்தாங்க பாருங்க, எனக்கு அந்தப் பொறுமைதான் பெருசா தெரியுது. உங்க ஃப்ரெண்ட் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, பல வருஷம் ஓட்டுன கார் ப்ராஜெக்ட்ட 2024ல மூடிட்டாங்க, ஐபோன் அளவுக்கு உலகத்தையே புரட்டிப் போட்ட பொருள் அப்புறம் வரலங்கறதும் நிஜம்தான்.

கேள்வி: அப்போ புதுசா வர்ற சிஇஓகிட்ட எத கவனிக்கணும்?

பதில்: எத ஆரம்பிக்கறார்ங்கறத விட எத நிறுத்தறார்னு பாருங்க. மைக்ரோசாஃப்ட்ல சத்யா நாதெள்ளா 2014 பிப்ரவரில சிஇஓவா வந்தாரு, அடுத்த மாசமே ஐபேடுக்கு அவங்க ஆபீஸ் சாஃப்ட்வேர் வந்துச்சு, எல்லாரும் அவரை பாராட்டுனாங்க, ஆனா அது முன்னாடி இருந்த சிஇஓ பால்மர் காலத்துலயே செஞ்சுக்கிட்டு இருந்தது. அவரோட சொந்த முடிவு 2015ல தெரிஞ்சுது, நோக்கியாகிட்ட வாங்குன போன் பிசினஸ்ல 760 கோடி டாலர நஷ்டம்னு எழுதிட்டு கிளவுட், அதாவது இன்டர்நெட் வழியா கம்ப்யூட்டர் வசதிய வாடகைக்கு விடற பிசினஸ் பக்கம் முழுசா இறங்கிட்டாரு. அதுக்கு ரொம்ப தைரியம் வேணும்ங்க. கேமரா ஃபிலிம் வித்த கோடாக் கம்பெனிக்கு அந்த தைரியம் வரல, 1975லயே அவங்க இன்ஜினியர் ஸ்டீவ் சாசன் டிஜிட்டல் கேமரா செஞ்சு காட்டிட்டாரு, நடுவுல எத்தனையோ தலைவர் மாறினாங்க, ஃபிலிம்ல வந்துக்கிட்டு இருந்த லாபத்த விட யாருக்கும் மனசு வரல, 2012 ஜனவரில திவால் மனு போட்டாங்க.