கால் வேகமா, மிதிக்கும் விசையா? தசை நார்கள் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: சைக்கிளில் நிமிடத்துக்கு 100 சுற்றுக்கு மேல் பெடல் மிதித்தால், விரைந்து சுருங்கி விரைவில் களைக்கும் வேக நார்கள்தானே அதிகம் உழைக்கும்?

பரவலான நம்பிக்கைதான், ஆனால் வழக்கமான சவாரியில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. எந்த நார்கள் வேலைக்கு அழைக்கப்படும் என்பதைக் காலின் வேகத்தைவிட, ஒவ்வொரு மிதியிலும் தசை தர வேண்டிய விசையே தீர்மானிக்கிறது. தண்டுவடத்திலிருந்து தசைக்குச் செல்லும் இயக்க நரம்பணுக்களில் சிறியவையே முதலில் தூண்டப்படுகின்றன. மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் களைக்காமல் உழைக்கும் மெது நார்கள் அவற்றின் பொறுப்பில் உள்ளன. விசைத் தேவை கூடக் கூடத்தான் பெரிய நரம்பணுக்களும் அவற்றுக்குரிய வேக நார்களும் வந்து சேர்கின்றன. நரம்பியல் ஆய்வாளர் எல்வுட் ஹென்னமன் வகுத்த அளவு நெறி இதுதான்.

1992இல் வெளியான ஓர் ஆய்வில், அதிகபட்ச ஆக்சிஜன் நுகர்வின் 85 சதவீத உழைப்பில் 30 நிமிடம், ஒருமுறை 50 சுற்றிலும் மறுமுறை 100 சுற்றிலும் மிதிக்கச் செய்து, தொடைத் தசையின் கிளைக்கோஜனை (தசையில் சேமித்துள்ள மாவுச்சத்து எரிபொருளை) அளந்தார்கள். மெது நார்களில் குறைவு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க, வேக நார்களின் கிளைக்கோஜன் 50 சுற்றில்தான் கூடுதலாகக் கரைந்திருந்தது.

கேள்வி: திறன் மாறாதபோது விசை எப்படி மாறும்?

திறன் என்பது முறுக்குவிசையையும் (பெடலைச் சுழற்றும் திருப்புவிசை) சுழற்சி வேகத்தையும் பெருக்கிக் கிடைப்பது. ஒன்று குறைந்தால் மற்றது ஏறியாக வேண்டும். 170 மில்லிமீட்டர் கிராங்கில் (பெடலைத் தாங்கும் கரத்தில்) 200 வாட் தர, 90 சுற்றில் சராசரியாக 125 நியூட்டன் விசை போதும். 60 சுற்றில் ஏறக்குறைய 187 நியூட்டன் தேவை. இது சுற்று முழுவதற்குமான சராசரி என்பதால், கால் கீழிறங்கும்போது எட்டும் உச்ச விசை இதைவிட மிக அதிகம். நார்களை அழைப்பதும் அந்த உச்சமே.

கேள்வி: அப்படியானால் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறோமோ அவ்வளவு நல்லதா?

இல்லை. கால்களை அசைப்பதற்கே ஆற்றல் செலவாகிறது. மிதமான உழைப்பில் ஆக்சிஜன் கணக்கை மட்டும் பார்த்தால், அனுபவசாலிகள் தாமாகத் தேர்ந்துகொள்ளும் 90 சுற்றை ஒட்டிய வேகத்தைவிடக் குறைந்த வேகமே சிக்கனமானது. 120 சுற்றில் ஒரு முழுச் சுற்றுக்கு அரை விநாடிதான். தசை இறுகவும் தளரவும் எடுக்கும் நேரம் அதற்குள் அடங்க வேண்டும். தளரத் தாமதிக்கும் தசை, மேலேறும் காலில் எதிர்விசையாகி மறுகாலின் உழைப்பைத் தின்றுவிடும். ஆக்சிஜனைச் சற்று கூடுதலாகச் செலவிட்டு வேக நார்களைக் காப்பது நீண்ட பந்தயத்தில் லாபமான பேரம் என்பது என் கருத்து. பெல்ஜிய சைக்கிள் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் 1972இல் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் கடந்தபோது, அவருடைய கியர் கணக்குப்படி நிமிடத்துக்கு 104 சுற்று வருகிறது.

கேள்வி: மென்மையாக ஓட்டினால் வேக நார்களுக்கு வேலையே இல்லையா?

தொடக்கத்தில் மிகக் குறைவு. ஆனால் மணிக்கணக்கில் ஓட்டி மெது நார்களின் கிளைக்கோஜன் தீரத் தொடங்கினால், விசை கூடாமலே வேக நார்களும் அழைக்கப்படும்.

கேள்வி: பெரிய கியரில் 50 சுற்றில் மேடேறும் பயிற்சி, எடை தூக்குவதற்கு ஈடாகுமா?

ஆகாது. வேக நார்களில் சிலவற்றையேனும் நெடுநேர உழைப்புக்குப் பழக்க அது உதவலாம். ஆயினும் அங்கு எழும் விசை, கால் தரக்கூடிய உச்ச விசைக்கு வெகு கீழே இருப்பதால் வலிமைப் பயிற்சியின் இடத்தை அது நிரப்பாது. முழங்காற் சில்லுக்குப் பின்னால் வலி உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது.