சாவி யார் கையில்?

அன்புள்ள ஐயா,

உங்களிடம் இருந்த மினி காரைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த துணிவில் இதை எழுதுகிறேன். நான் கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. எங்கள் வீட்டில் இரண்டு கார்கள் இருக்கின்றன. ஒன்று, கணவர் லீசிங்கில் வாங்கிக் கட்டி முடித்த வேகன் ஆர். மற்றது 1970களில் வந்த மினி. பதினொரு வருடங்களுக்கு முன் என் சீட்டுப் பணத்தில் நான் வாங்கியது. பார்க்கிறவர்கள் எல்லோரும் அதை என் கணவருடைய ஆசை என்றே நினைக்கிறார்கள்.

போன மழையில் வீட்டுக்குப் பின்னால் மண் சரிந்துவிட்டது. தடுப்புச் சுவர் கட்டியே ஆக வேண்டும். அதற்கு ஒரு காரை விற்க வேண்டும். மினிக்குக் கொழும்பில் ஒருவர் நல்ல விலை சொல்லியிருக்கிறார். சுவருக்கு அது போதும். வேகன் ஆரை விற்றால் சுவர் போக மீதியும் வரும். "எது உபயோகமோ அதை வைத்துக்கொள்வோம். உனக்கும் ஆட்டோ கியர்தான் வசதி" என்கிறார் கணவர். அதில் நியாயம் இருக்கிறது. 76 வயதான மாமியாரை மாதம் ஒரு முறை நுவரெலியாவில் கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டும். பிள்ளைகள் இரண்டு பேர். மினியின் பின் சீட்டில் அத்தையால் ஏற முடியாது. மழை பிடித்தால் அது நடு வீதியில் நின்றும் விடுகிறது.

ஆனால் காலை ஆறரைக்கு அதை எடுத்துக்கொண்டு டெவன் பக்கத்து வளைவுகளில் இரண்டாம் கியரில் இறங்கும்போது, இரவெல்லாம் கோணிக் கிடந்த ஏதோ ஒன்று எனக்குள் நேராகிறது. மொத்தம் இருபத்தைந்து நிமிடம். மினி போனால் அவர் வேகன் ஆரில் ஹட்டனில் உள்ள வங்கிக்கு வேலைக்குப் போவார், நான் பஸ்ஸில் போவேன். 43 வயதில் கார் ஓட்டும் சந்தோஷத்துக்காக ஒருத்தி அடம்பிடிப்பது சுயநலமா?

வாசகி, கொட்டகலை

அன்புள்ள டீச்சர்,

சுயநலம் என்ற சொல்லை முதலில் வெளியே வைத்துவிடுவோம். சொந்தச் சீட்டுப் பணத்தில் வாங்கிப் பதினொரு வருடம் பராமரித்த காரை ஓட்டுவதற்கு ஒருவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. எனக்குக் கோபம் வந்தது "உனக்கும் ஆட்டோ கியர்தான் வசதி" என்ற வரியில். செங்குத்தான தேயிலை மலையில் கொழுந்துக் கூடையோடு ஏறுகிற பெண்ணிடம் உனக்கு எது வசதி என்று தலைமுறை தலைமுறையாக யாரும் கேட்கவில்லை. அவள் பேத்தி ஸ்டீயரிங்கைப் பிடித்தவுடன் மட்டும் ஊருக்கே அவளுடைய வசதியைப் பற்றிய கவலை வந்துவிடுகிறது. உங்கள் கணவர் அக்கறையில்தான் சொல்லியிருப்பார். அக்கறையிலும் பழக்கதோஷம் உண்டு.

அந்த இருபத்தைந்து நிமிடம் எனக்குத் தெரியும். 1989 முதல் 2003 வரை என்னிடமும் ஒரு மினி இருந்தது. ஸ்டீயரிங் வட்டம் பஸ்ஸில் இருப்பதுபோலப் பாதி படுத்தபடி இருக்கும். பத்து அங்குலச் சில்லுகள். வீதியில் கிடக்கிற கல் எத்தனை பெரியது என்று உள்ளங்கைக்கே தெரிந்துவிடும். ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் கூம்புகள் என்பதால் ஒவ்வொரு குழியும் நேராக முதுகெலும்பில் வந்து கையெழுத்துப் போடும். ஆனால் வளைவில் மூக்கைத் திருப்பினால் திரும்பியதுதான். முன் சில்லுகள் காரை இழுத்துக்கொண்டு வெளியே வரும்போது, உள்ளே இருப்பவர் ஓட்டுகிறாரா பாடுகிறாரா என்று சொல்வது கடினம். மான்டி கார்லோ ரலி பந்தயத்தில் மினி 1964, 1965, 1967 என்று மூன்று முறை வென்றது. அவை பந்தயத்துக்கென்று முறுக்கேற்றிய கூப்பர் எஸ் வண்டிகள். நம்முடையவை தபால்காரரின் சைக்கிள்போல. ஆனாலும் சென்கிளயர் வளைவில் மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும்போது, நுவரெலியாவின் ஏப்ரல் சீசனில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில் நம் பெயரையும் ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறார்கள் என்று தோன்றும். நம் வீதிகளில் அதற்குமேல் வேகம் போகவும் கூடாது. குறைந்த வேகத்தில் நிறைந்த சந்தோஷம் தருவதால்தான் அந்தக் கார் மலைநாட்டுக்கு இவ்வளவு பொருந்துகிறது. வேகன் ஆரில் அதே வளைவில் அதே 40இல் போனால் பின் சீட்டில் அத்தை தூங்கிவிடுவார். அதுவும் ஒரு தகுதிதான்.

மினி பிறந்ததே உபயோகத்துக்காகத்தான். 1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடி வந்தது, பிரித்தானியாவில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். குறைந்த பெற்றோலில் நான்கு பேரைச் சுமக்கும் கார் வேண்டும் என்ற அவசரத்தில் அலெக் இசிகோனிஸ் வரைந்து, 1959இல் வீதிக்கு வந்த வண்டி அது. எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்தார். கியர்பெட்டியை அதன் அடியில், எஞ்சினுடைய எண்ணெயிலேயே ஊற வைத்தார். பத்து அடி நீளக் காரில் ஐந்தில் நான்கு பங்கு இடத்தை ஆட்களுக்கும் சாமான்களுக்கும் கொடுத்தார். 2022இல் கியூஆர் அட்டையோடு வாரம் 20 லீற்றர் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நமக்கு அந்த அவசரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. குறுக்கே வைத்த சின்ன எஞ்சின், முன் சில்லு ஓட்டம், மூலைக்கொன்றாகத் தள்ளி வைத்த சில்லுகள், உள்ளே இயன்றவரை இடம் என்ற அதே கணக்கில், ஜப்பானின் 3.4 மீற்றர் நீளம், 660 சிசி என்ற வரம்புக்குள் வந்து நிற்பதுதான் உங்கள் வேகன் ஆர். உங்கள் வீட்டு முற்றத்தில் நிற்பவை தாத்தாவும் பேரனும். தாத்தா வேடிக்கையானவர் என்பது பிறகு கண்டுபிடிக்கப்பட்டது.

இனி மழை.

எஞ்சின் குறுக்கே இருப்பதால் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டர் மினியில் முன் கிரில்லுக்கு நேர் பின்னால் வருகிறது. எதிரே வரும் லொறி வாரியிறைக்கிற தண்ணீர் நேராக அதன்மேல்தான் விழும். ஈரம் பட்டதும் பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் வேறு வழி பார்த்துக்கொள்ளும், கார் இருமி நின்றுவிடும். இதற்கு உலகம் முழுவதும் ஒரே கைமருந்து: ரப்பர் கையுறை. விரல்நுனிகளை வெட்டி, வயர்களை விரல்கள் வழியாக வெளியே எடுத்து, டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்கு மாட்டிவிடுவது. எங்கள் கராஜ் பாஸ், அதாவது மெக்கானிக், எனக்கும் ஒன்று செய்து தந்திருந்தார். ஒருநாள் பிளக் மாற்றியபோது அதைக் கழற்றி டிக்கியில் போட்டேன். திரும்ப மாட்டவில்லை.

ஒரு நவம்பர் இரவு. அம்மாவுக்கு மூச்சுத் திணறல். லிந்துலையைத் தாண்டி நானுஓயா நோக்கி ஏறும்போது கார் நின்றது. பனிமூட்டத்தில் என் கையே எனக்குத் தெரியவில்லை. பின் சீட்டில் அம்மா, "அவசரமில்லை, மெதுவாகப் பார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூச்சு விட முடியாதவர் என்னைச் சமாதானப்படுத்துகிறார். லீக்ஸ் ஏற்றிவந்த ஒரு லொறிக்காரர் நிறுத்தி, அம்மாவை முன் சீட்டில் தூக்கி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அம்மா பிழைத்தார், அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் இருந்தார். தவறு முழுக்க என்னுடையது, காருடையது அல்ல. ஆனால் பழைய கார் என்பது அதுதான்: அதன் உடம்பில் நீங்கள் மறந்த ஒரு சின்ன வேலை எப்போதும் இருக்கும். தனியாகப் போகும்போது அது சாகசம். அத்தையோடு போகும்போது வேறு.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மினியை விற்றுவிடுங்கள்.

உங்களுக்கு இது பிடிக்காது. எழுதுகிற எனக்கும் பிடிக்கவில்லை. மழை ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் பிரேக். நான்கு சில்லுக்கும் டிரம் பிரேக் உள்ள, காற்றுப்பை இல்லாத, அரை நூற்றாண்டு வயதான இரும்புப் பெட்டியில் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இறங்குகிற வீதிகள் அல்ல இப்போது நம்முடையவை. நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். நீங்கள் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும், எதிரே வருபவர் 'ஏறிய கியரிலேயே இறங்கு' என்ற பழைய டிரைவர்களின் பாடத்தைக் கேட்டவரா என்பது உங்கள் கையில் இல்லை. வேகன் ஆரும் ஒன்றும் கோட்டை அல்ல. ஆனாலும் இந்த இரண்டில் பிள்ளைகளை எதில் உட்காரவைப்பீர்கள் என்று கேட்டால் நீங்களே யோசிக்காமல் பதில் சொல்வீர்கள். வேகன் ஆரை விற்றால் மீதிப் பணம் வரும் என்கிறீர்கள். அந்த மீதி ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக மினியின் கராஜுக்கே போகும். இதை 14 வருட ரசீதுகளை வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஆனால் மினியைக் கொடுப்பதற்கு முன் ஒரு பேச்சை முடித்துவிடுங்கள். உங்கள் கடிதத்தின் மையமான வரி சுயநலத்தைப் பற்றியது அல்ல. "அவர் வேகன் ஆரில் போவார், நான் பஸ்ஸில் போவேன்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். எந்தக் காரை வைப்பது என்று வீட்டில் மூன்று வாரம் விவாதித்திருப்பீர்கள். மிஞ்சுகிற காரை யார் ஓட்டுவது என்பதை ஒரு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டீர்கள். அது தானாகவே முடிவாகியிருக்கும்.

எது உபயோகம் என்று பார்ப்பதுதான் கொள்கை என்றால் முழுக்கப் பார்ப்போம். கொட்டகலையிலிருந்து ஹட்டனுக்குப் பிரதான வீதியில் பஸ் வந்துகொண்டே இருக்கிறது. ஹட்டனில் இறங்கினால் வங்கிகளெல்லாம் நடக்கிற தூரம். உங்களுக்கு அப்படி இல்லை. பிரதான வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் தோட்டப் பாதையில் மேலே போவதற்கு ஆட்டோ தேட வேண்டும், கிடைக்காவிட்டால் பயிற்சிக் கொப்பிக் கட்டோடு நடக்க வேண்டும். ஆகவே வேலை நாட்களில் சாவி உங்களிடம், பஸ் அவருக்கு. இதில் நான் சந்தோஷத்தைப் பற்றி ஒரு சொல்லும் சேர்க்கவில்லை, கவனியுங்கள். அவருடைய அளவுகோலை அவரிடமே திருப்பிக் கொடுக்கிறேன். வங்கிக்காரர், கணக்குச் சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்வார். முகம் கொஞ்சம் நீளலாம்.

வேகன் ஆர் மினி ஆகாது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டாம் கியர் போட்டதும் காதுக்குள் வருகிற அந்த முனகல் வராது. ஸ்டீயரிங் எதையும் காட்டிக்கொடுக்காது. இறக்கத்தில் கியர் லீவரை 'எல்' (L) என்ற இடத்துக்குத் தள்ளுங்கள், எஞ்சின் கொஞ்சம் பிடித்து நிறுத்தும், காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கலாம். அது மினியின் நிழலின் நிழல். நான் மினியை விற்று வாங்கிய காரில் ஒரு வருடம் வரை எனக்குச் சந்தோஷமே இல்லை. பிறகு ஒரு காலை, தனியாக, டெவன் பக்கம்தான் என்று நினைக்கிறேன், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துப் போனபோது பாதி திரும்பி வந்தது. மற்றப் பாதி வரவில்லை. இருபது வருடம் ஆகிறது, இன்னும் வரவில்லை.

கொழும்புக்காரர் விஷயம். பின் சப்ஃபிரேமில், அதாவது பின் சில்லுகளைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தில், துரு இருக்கிறதா என்று உங்கள் கராஜ் பாஸிடம் காட்டுங்கள். இந்த ஈரத்தில் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இருந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள், விலையைக் கொஞ்சம் இறக்குவார், இறக்கட்டும். அவர் மயங்குவது ஸ்ரீ எழுத்து உள்ள பழைய இலக்கத் தகட்டில். எல்லா வாகனங்களுக்கும் கட்டாயமாக்கிய அந்தச் சிங்கள எழுத்துக்காக 1958இல் இந்த நாட்டில் என்ன நடந்தது, எத்தனை தகட்டில் தார் பூசினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கவும் கூடும். இன்று அது சேகரிப்பாளர்களின் செல்லம். காலத்தின் குறும்பு, வேறென்ன.

தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிவதற்குக் குழாய்கள் விடச் சொல்லுங்கள், பின்பக்கம் சல்லி நிரப்பச் சொல்லுங்கள். தண்ணீர் வெளியேற வழியில்லாத சுவர் அடுத்த மழையில் மண்ணோடு சேர்ந்து வரும். மேசன் தேவையில்லை என்பார், விடாதீர்கள்.

வண்டியை ஒப்படைக்கும் நாளில் ரப்பர் கையுறை மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கொழும்புக்குப் போகிற வழியில் கினிகத்தேனை வரைக்கும் அவருக்கு அது தேவைப்படும்.