வீட்டுக் கணக்குக்கு ஆப் தேவையா?

கேள்வி (திருப்பூர் வாசகி): நானும் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம், அக்கா. இரண்டு சம்பளம் வந்தும் 20ஆம் தேதிக்கு மேல் கையைப் பிசைய வேண்டியிருக்கிறது. பணம் எங்கே போகிறது என்று பார்க்க, செலவுக் கணக்கு ஆப் ஒன்றை இறக்கினேன். போனில் உள்ள எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் படிக்க அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். "உங்கள் கணக்கில் 340 ரூபாய் பற்று" என்று வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ்ஸைப் படித்துத்தான் இந்த ஆப்கள் கணக்கு எழுதுகின்றன. ஆனால் வங்கி எஸ்எம்எஸ்ஸை மட்டும் படி என்று போனில் பிரித்து அனுமதி கொடுக்க வழியில்லை. ஓடிபி, ஆஸ்பத்திரித் தகவல், நகைக்கடன் நினைவூட்டல் எல்லாம் அதே பெட்டிக்குள்தான் கிடக்கின்றன. எந்தத் தேதியில் உங்கள் கை வறண்டுபோகிறது என்பதையும் ஆப் அதிலிருந்தே தெரிந்துகொள்ளும். பிறகு சரியாக அந்தத் தேதி பார்த்து, கடன் வேண்டுமா என்று கேட்கும். இலவச ஆப்கள் பலவற்றுக்குப் பிழைப்பே அதுதான்.

சரி, அனுமதி கொடுத்தால் கணக்காவது ஒழுங்காக வருமா? நம் வீட்டுச் செலவுக்கு வராது. போன ஞாயிற்றுக்கிழமை என் வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். மளிகைக் கடை, காய்கறி வண்டி, மாவுக் கடை மூன்றில் ஒன்றுகூடக் கடைப் பெயரில் இல்லை. ஒன்று கடைக்காரர் பெயரில், ஒன்று அவர் மகன் பெயரில், இன்னொன்று மருமகள் பெயரில் இருக்கிறது. கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை அவரவர் சொந்தக் கணக்கினுடையது. ஆப் இதையெல்லாம் தெரிந்தவருக்கு அனுப்பிய பணம் என்று எழுதிவிடும். ஏடிஎம்மில் எடுத்த 3,000 ரூபாய் அதற்கு ஒரே செலவு. அதில் சீட்டுக்குக் கொடுத்தது எவ்வளவு, குழுத் தவணை எவ்வளவு என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தைப் பார்த்துவிட்டு, இந்த மாதம் செலவு கூடிவிட்டது என்று அது எச்சரிக்கை வேறு விடும்.

அதனால் வங்கியே இலவசமாகக் கொடுப்பதை வைத்துத் தொடங்குங்கள். பெரும்பாலான வங்கிகளின் நெட்பேங்கிங்கில் ஸ்டேட்மென்ட்டை எக்ஸெல் வடிவில் இறக்க முடியும். அதை கூகுள் ஷீட்டில் திறந்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு சொல் எழுதுங்கள்: மளிகை, பள்ளி, வண்டி, கடன், மருந்து. ஐந்தாறு தலைப்புக்கு மேல் வேண்டாம், கூடினால் மூன்றாவது மாதமே விட்டுவிடுவீர்கள். யுபிஐயில் பணம் அனுப்பும்போது குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் "பால்", "பெட்ரோல்" என்று அடித்துவிடுங்கள். பல வங்கிகளின் ஸ்டேட்மென்ட்டில் அந்தச் சொல்லும் சேர்ந்தே வரும். மாதக் கடைசியில் பாதி வேலை மிச்சம்.

20ஆம் தேதி கை இறுகுவதற்கு மாதச் செலவு காரணமாக இல்லாமலும் இருக்கலாம். அந்த ஷீட்டிலேயே இன்னொரு பக்கம் திறந்து, எப்போதோ ஒருமுறை வரும் செலவுகளை மட்டும் எழுதுங்கள். எடுத்துக்காட்டுக்கு, பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 36,000, இன்சூரன்ஸ் 14,400, சொத்து வரி அரையாண்டுக்கு 1,800, மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு 2,400 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்குப் பிரித்தால் 3,000, 1,200, 300, 1,200. மொத்தம் 5,700 ரூபாய். இது உங்கள் சம்பளத்தில் ஏற்கெனவே செலவாகிவிட்ட பணம். கணக்கில் கிடப்பதால் கையில் இருப்பதுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். சம்பளம் வந்த அன்றே அதை வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். நகைக்கடன் இருந்தால், ஆண்டு முடிவில் கட்ட வேண்டிய வட்டியையும் இதில் சேருங்கள். பலர் சறுக்குவது அங்கேதான்.

கேள்வி (கோவை வாசகர்): எனக்கு மூன்று வங்கியில் கணக்கு. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டுகிறோம் என்று ஒரு ஆப் சொல்கிறது. பாஸ்வேர்டு கேட்கவில்லை. 'அக்கவுண்ட் அக்ரிகேட்டர்' மூலம் ஒப்புதல் கொடுங்கள் என்று ஓடிபி மட்டும் கேட்கிறது. நம்பலாமா?

பதில்: இந்த முறை முறையானதுதான். ரிசர்வ் வங்கி 2016இல் விதி வகுத்து, 2021 செப்டம்பரில் பெரிய வங்கிகளோடு நடைமுறைக்கு வந்தது. அக்ரிகேட்டர் என்பது ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற நிறுவனம். வங்கி பூட்டிக் கொடுக்கும் தகவலை வாங்கி, நீங்கள் சொன்ன இடத்தில் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. இடையில் திறந்து பார்க்கவும் முடியாது, உங்கள் பணத்தை நகர்த்தவும் முடியாது.

ஆனால் தகவல் போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர் திறந்து பார்ப்பார். அவர் யார் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. ஒப்புதல் திரையை ஓட்டிவிடாமல் படியுங்கள். எந்தக் கணக்கு, எந்தக் காலத்து விவரம், என்ன நோக்கம், ஒருமுறையா அடிக்கடியா, எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். மூன்று கணக்கும் வேண்டாம் என்றால் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். கடனுக்கு விண்ணப்பிக்கும்போது ஒருமுறை காட்டுவதோடு நிறுத்துங்கள். கொடுத்த ஒப்புதலை அக்ரிகேட்டரின் ஆப்பிலேயே எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்.

நெட்பேங்கிங் பாஸ்வேர்டையோ யுபிஐ பின்னையோ கேட்கும் கணக்கு ஆப் எதுவாக இருந்தாலும் அப்போதே நீக்கிவிடுங்கள். இதில் நான் யாருக்கும் விலக்கு சொல்ல மாட்டேன்.

கேள்வி (மதுரை வாசகர்): அப்பாவின் கணக்கிலிருந்து மாதாமாதம் 299 ரூபாய் போகிறது. ஏதோ ஆப்பை 1 ரூபாய்க்குச் சோதித்துப் பார்த்தாராம். ஆப்பை நீக்கிய பிறகும் நிற்கவில்லை.

பதில்: ஆப்பை நீக்கினால் நிற்காது. அந்த 1 ரூபாய்க்கு அப்பா பின் போட்டபோதே, மாதாமாதம் எடுத்துக்கொள்ளும் அனுமதியும் சேர்ந்து போயிருக்கும். என் அம்மாவுக்கும் இதுவே நடந்தது. மூன்று மாதம் கழித்து பாஸ்புக் வரி போட்டபோதுதான் கண்ணில் பட்டது.

அப்பா பயன்படுத்தும் யுபிஐ ஆப்பைத் திறந்து, 'ஆட்டோபே' என்ற பகுதியைத் தேடுங்கள். உயிரோடு இருக்கும் அனுமதிகள் எல்லாம் வரிசையாகத் தெரியும். வேண்டாததைத் தொட்டு ரத்து செய்து, பின் போட்டு உறுதிப்படுத்துங்கள். அங்கே இல்லையென்றால் டெபிட் கார்டில் பதிவாகியிருக்கும். வங்கியின் தளத்திலோ கிளையிலோ கேட்டு நிறுத்த வேண்டும்.

இப்படிப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை என்பதால்தான் சின்னத் தொகைகள் சத்தமில்லாமல் போகின்றன. ரத்து செய்த பிறகும் போனால் வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரைத் தீர்ப்பவர்) ஆன்லைனில் செலவில்லாமல் முறையிடலாம். அனுமதியே தராமல் போன பணம் என்றால் அது மோசடி. காத்திருக்காமல் உடனே 1930க்கு அழைத்துவிட்டு, வங்கிக்கும் சொல்லுங்கள்.

கேள்வி (சேலம் வாசகி): சிபில் ஸ்கோர் பார்க்க ஆண்டுச் சந்தா கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: வேண்டாம். நாம் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் தொகுத்து ஸ்கோர் போட, சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை ஸ்கோரோடு இலவசமாகத் தந்தாக வேண்டும். அவரவர் தளத்துக்கு நேராகப் போய் வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று சுற்றி வந்தால் ஆண்டு முழுவதும் கண் வைத்திருக்கலாம். உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

எண்ணை மட்டும் பார்த்து மூடிவிடாமல், உள்ளே உள்ள கடன் பட்டியலைப் படியுங்கள். நீங்கள் வாங்காத கடனோ, அடைத்து முடித்தும் நிலுவை என்று நிற்கும் கடனோ இருந்தால் அந்தத் தளத்திலேயே புகார் போடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். புகார் எண்ணையும் தேதியையும் பத்திரமாக எழுதி வையுங்கள்.