மடியில் படுத்தால் எச்சில் விடும் பூனை: எது வழக்கம், எது நோய்?

கேட்டிருப்பது இது: பெங்களூருவில் பிளாட்டுக்குள்ளேயே வளரும் ஆறு வயதுப் பூனை. குட்டியிலிருந்தே மடியில் படுத்தால் ஒன்றிரண்டு சொட்டு எச்சில் விடும். இப்போது சில நாளாகச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் தாடை நனைகிறது. சாப்பாடு குறையவில்லை. டாக்டரிடம் காட்ட வேண்டுமா, வயதானால் இப்படித்தானா?

காட்ட வேண்டும். இன்றிரவே ஓட வேண்டியதில்லை, ஆனால் இந்த வாரம் தாண்டக் கூடாது. ஆறு வயது ஒரு பூனைக்கு வயதே இல்லை. "சாப்பிடுகிறதே" என்பதையும் பெரிய ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாய் முழுக்கப் புண்ணோடு கிண்ணத்தைக் காலி செய்யும் பூனைகள் நிறைய.

பூனையின் உதடு நாயுடையதுபோலத் தொங்காது, இறுக்கமாக மூடிக்கொள்ளும். ஊறும் எச்சிலை அது அப்போதைக்கப்போது விழுங்கிவிடும். எனவே வெளியே வடிகிறது என்றால் இரண்டில் ஒன்று: ஊறுவது அதிகமாகியிருக்கிறது, அல்லது விழுங்குவது தடைப்பட்டிருக்கிறது. குமட்டல், கசப்பு, நஞ்சு, சந்தோஷம் எல்லாம் முதல் வகை. வாய்வலி, தொண்டையில் சிக்கிய பொருள், தாடை நரம்புக் கோளாறு இரண்டாம் வகை. வீட்டிலேயே கவனிக்க வேண்டியது எது நடக்கிறது என்பதைத்தான்.

சந்தோஷத்தில் வடிவதை அடையாளம் காண்பது சுலபம். பூனை குர்குர்ரென்று முனகிக்கொண்டே முன்னங்கால்களால் உங்கள் தொடையைப் பிசையும், கண் பாதி மூடியிருக்கும். எச்சில் தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும், வாடை இருக்காது, எழுந்து நடந்ததும் நின்றுவிடும். தாயிடம் பால் குடித்த காலத்துப் பழக்கம் அது. குட்டியில் தொடங்கினால் ஆயுசுக்கும் இருக்கும். உங்கள் பூனையின் பழைய சொட்டுகள் இந்த வகை, புதியவை இல்லை. ஐந்து வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிப்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

பயணத்தில் வடிவதும் பெரும்பாலும் பயமும் குமட்டலும்தான். சில்க் போர்டு சிக்னலில் ஆட்டோவுக்குள் முக்கால் மணி நேரம் கூடையில் குலுங்கினால் எந்தப் பூனைக்கும் நுரை தள்ளும். கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பே உணவை நிறுத்துங்கள், கூடையைத் துணியால் மூடுங்கள். வீடு திரும்பிய ஒரு மணி நேரத்தில் நின்றுவிட வேண்டும்.

இனி உங்கள் பூனைக்கு அதிக வாய்ப்புள்ள விஷயம், பல்.

பூனைகளுக்கு மனிதர்போலப் பல் சொத்தை வருவது மிக அரிது. வருவது வேறொன்று: பல்லை உடலே கரைக்கத் தொடங்கும். ஈறுக்கோட்டை ஒட்டிச் சிறு பள்ளம் விழும், ஈறு அதன்மேல் சிவப்பாக ஏறிப் படரும். கீழ்த்தாடையில் கோரைப்பல்லுக்கு அடுத்து வரும் முதல் கடைவாய்ப்பல்லில் இது அதிகம். அந்த இடத்தைத் தொட்டால் தாடை படபடவென்று நடுங்கும். வெளியே தெரிவதைவிட வேருக்குள் சேதம் அதிகம் இருக்கும் என்பதால் பல் எக்ஸ்ரே இல்லாமல் அளவு தெரியாது. காரையைச் சுரண்டிவிடுவதால் இது சரியாகாது, பல்லை எடுக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று வாய் முழுக்க வரும் அழற்சி. இரு தாடையும் சேரும் பின்பகுதி பச்சைப் புண்ணாகச் சிவந்து, தொட்டாலே ரத்தம் கசியும். இந்தப் பூனைகள் கொட்டாவி விடும்போது கத்தும். கிண்ணத்திடம் ஆசையாக வரும், ஒரு வாய் எடுத்ததும் சீறிவிட்டு ஓடும். மாதாமாதம் ஸ்டீராய்டு ஊசி போட்டு இதை ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சில வாரம் அடங்கும், திரும்ப வரும், நாளடைவில் ஊசிக்கும் அசையாது. கடைவாய்ப்பற்களை, சில நேரம் எல்லாப் பற்களையும், எடுத்துவிட்டால் பெரும்பாலான பூனைகள் நன்றாகத் தேறுகின்றன. பல்லில்லாத பூனை பட்டினி கிடக்காது, ஈர உணவை நக்கியே சாப்பிட்டுவிடும்.

வீட்டில் சோதிக்க எளிய வழி காதுதான். உலர் உணவு போடும்போது பக்கத்தில் இருந்து கேளுங்கள். கறுக் கறுக் என்று கடிக்கும் சத்தம் வருகிறதா, அல்லது அப்படியே முழுங்குகிறதா? தலையை ஒரு பக்கம் சாய்த்து மெல்கிறதா, வாயிலிருந்து துண்டுகள் கீழே விழுகின்றனவா? முகவாய்க்கட்டையில் உள்ள முடி பழுப்பாக ஒட்டிக் கிடந்தால் எச்சில் பல நாளாக வடிகிறது என்று பொருள். முன்னங்காலின் உள்பக்க முடி சிக்குப் பிடித்திருந்தால் வாயைத் துடைத்துத் துடைத்து அப்படி ஆகியிருக்கிறது.

பிறகு வாயைப் பாருங்கள். ஒருவர் பூனையைத் துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரியும்படி பிடிக்கட்டும். இன்னொருவர் விரல் நுனியால் மேலுதட்டை மட்டும் தூக்கினால் போதும், ஈறு தெரியும். வெளிர் ரோஜா நிறம் சரி. பல்லோரம் சிவப்புக் கோடு ஓடினால் அழற்சி, வெளுத்திருந்தால் ரத்தக்குறைவு அல்லது ரத்த ஓட்டம் குலையும் அதிர்ச்சி நிலை, மஞ்சளானால் பெரும்பாலும் கல்லீரல், நீலமோ பழுப்போ ஆனால் உடனே வண்டி எடுங்கள். அடுத்து கீழ்த்தாடையின் இரு எலும்புக்கும் நடுவே, வெளியிலிருந்து, கட்டைவிரலால் மெதுவாக மேலே அழுத்தினால் நாக்கு தூக்கிக்கொள்ளும், அடிப்பகுதி தெரியும். பூனை முரண்டினால் விட்டுவிடுங்கள். கடி வாங்கிக்கொண்டு பார்க்க வேண்டிய இடமில்லை.

நாக்கின் அடியைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் நூல். நம் வீடுகளில் பூ வாங்காத வெள்ளிக்கிழமை குறைவு. வாடிய சரத்தைக் கழற்றி மேசைமேல் போட்டால் மீதி வேலையைப் பூனை பார்த்துக்கொள்ளும். அதன் நாக்கில் உள்ள முட்கள் எல்லாம் உள்நோக்கி வளைந்தவை, வாயில் போன நூலைத் துப்பவே முடியாது, உள்ளேதான் தள்ளும். ஒரு முனை நாக்கின் அடியில் வளையமாக மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குப் போய்விடும். குடல் அசைய அசைய, பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, அப்படி நூலின்மேல் சுருங்கி ஏறும். அந்த நேரத்தில் நீங்கள் வெளியே தெரியும் முனையைப் பிடித்து இழுத்தால் நூல் குடலை அறுத்துவிடும். வாயில் தெரிந்தாலும், பின்பக்கம் தொங்கினாலும் இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம், அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள். எச்சிலோடு வாந்தியும் சோர்வும் சேர்ந்தால் இதை முதலில் நினைக்க வேண்டும். தையல் நூல் ஊசியோடு போனால் இன்னும் மோசம். மீன்முள் வேறு மாதிரி: மேலண்ணத்தில் இரு பக்கக் கடைவாய்க்கும் குறுக்கே சிக்கும், பூனை வெறிபிடித்ததுபோல வாயைப் பிறாண்டும், திடீரென்று தொடங்கும்.

திடீரென்று தொடங்குவதில் இன்னொரு வகை நஞ்சு. அதில் அடிக்கடி கவனிக்காமல் விடப்படுவது தரை துடைக்கும் கிருமிநாசினி. பென்சல்கோனியம் குளோரைடு உள்ள திரவத்தைத் தாராளமாக ஊற்றித் துடைத்த ஈரத் தரையில் பூனை நடக்கும், பிறகு பாதத்தை நக்கும். சில மணி நேரம் கழித்துத்தான் நாக்கு நுனி வெந்து எச்சில் வடியத் தொடங்கும், அதனால் காலையில் துடைத்ததை யாரும் இதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. பாட்டிலில் உள்ள அளவில் மட்டும் கலக்குங்கள், காயும்வரை பூனையை வேறு அறையில் அடையுங்கள், வேலைக்கு வரும் அக்காவிடமும் சொல்லிவையுங்கள். மிதித்துவிட்டால் நான்கு பாதத்தையும் வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள்.

செடிகளில் மணி பிளாண்ட், டம்ப் கேன், பீஸ் லில்லி மூன்றிலும் ஊசிபோன்ற ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்த நொடியே வாய் எரிந்து எச்சில் கொட்டும். பயமாகத் தெரிந்தாலும் ஈரத்துணியால் வாயைத் துடைத்துத் தண்ணீர் வைத்தால் பொதுவாகச் சில மணி நேரத்தில் அடங்கும். பூங்கொத்தில் வரும் உண்மையான லில்லி இதற்கு நேர்மாறு. அதில் வாய் எரிச்சல் பெரிதாக இராது, ஆனால் மகரந்தத்தை நக்கினாலே ஓரிரு நாளில் சிறுநீரகம் போய்விடும். அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. பீஸ் லில்லி பெயரில்தான் லில்லி.

மருந்து அலமாரியையும் பாருங்கள். பாராசிட்டமால் பூனைக்கு எந்த அளவிலும் கொடுக்கக் கூடாது. டோலோ 650-ல் அரை மாத்திரை 4 கிலோ பூனையைக் கொன்றுவிடும்: எச்சில், முகவீக்கம், பழுப்பேறிய ஈறு, மூச்சுத்திணறல் என்று வேகமாக முற்றும். சளிக்கென்று நீலகிரித் தைலம் தடவுவதும் கூடாது. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அது பூனைக்கு விஷம், எச்சிலோடு உடல் துடிக்கும், வலிப்பு வரும். பாத்திரம் கழுவும் திரவம் போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவியபடியே டாக்டருக்குப் போன் போடுங்கள். எந்த நஞ்சானாலும் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டப்பாவையோ செடியின் இலையையோ கையோடு எடுத்துப் போங்கள்.

பூனைக்குப் பத்து வயது தாண்டியிருந்தால் சிறுநீரகம் முன்னுக்கு வரும். யூரியா ஏறினால் குமட்டும், வாயில் புண் வரும், மூச்சில் அமோனியா நெடி அடிக்கும். தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகும், மண் தட்டில் சிறுநீர் பட்டு உறையும் மண்கட்டிகள் பெரிதாகும். அந்த வயதில் எச்சிலில் ரத்தமும் துர்நாற்றமும் சேர்ந்து, ஒரு பக்கத் தாடை வீங்கியிருந்தால் வாய்ப்புற்றையும் பார்க்க வேண்டும். நாக்கின் அடியில் ஒளிந்து வளர்வதால் தாமதமாகவே கண்ணில் படும். இளம் பூனைக்குக் காய்ச்சல், தும்மல், நாக்கில் புண் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் கலிசி என்ற சளி வைரஸ். நல்ல சாப்பாடு இருந்தும் வளராத குட்டி, சாப்பிட்டதும் எச்சில் விட்டுத் தள்ளாடினால் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் பிறவிக் கோளாறு இருக்கிறதா என்று கேளுங்கள்.

நேரம் பார்க்காமல் கிளம்ப வேண்டியவை இவை: வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, தூங்கும்போது நிமிடத்துக்கு 40-க்கு மேல் மூச்சு, விழுங்க முயன்று முடியாமல் திணறுவது, நடுக்கம், நூல் அல்லது நஞ்சு சந்தேகம். 24 மணி நேரம் முழுதாகச் சாப்பிடாவிட்டாலும் அதே நாளில் காட்டுங்கள். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறி அது தனி வியாதியாகிவிடும்.

தெருப் பூனை எச்சில் ஒழுக, தாடை தொங்க, குரல் மாறி, காரணமில்லாமல் பாய்ந்தால் வாயைப் பார்க்கப் போகாதீர்கள். தடுப்பூசி போடாத வீட்டுப் பூனைக்கும் அதே எச்சரிக்கை. கடித்தாலோ பிறாண்டினாலோ, புண்ணில் எச்சில் பட்டாலோ, சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ரேபிஸ் ஊசிக்குப் போங்கள்.

உங்கள் பூனைக்கு வருவோம். டாக்டரிடம் போவதற்கு முன் எச்சில் வடிவதையும் சாப்பிடுவதையும் போனில் படம் பிடியுங்கள். கிளினிக் மேசையில் பூனை உறைந்துவிடும், எதையும் காட்டாது. ஒரு பக்கமா இரு பக்கமா, தெளிவா கெட்டியா, வாடை உண்டா, எத்தனை நாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். எடையும் பாருங்கள்: பூனையோடு எடை மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்தால் போதும். 4 கிலோ பூனை 400 கிராம் இளைத்திருந்தால் அது பத்தில் ஒரு பங்கு, சாதாரணமில்லை. கிளினிக்கிற்குப் போன் செய்யும்போதே பல் எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேளுங்கள், நாய்க்கும் பூனைக்கும் பார்க்கும் எல்லா இடத்திலும் அது இருக்காது. இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள் என்று அவர்களிடமே கேட்கலாம். ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரியுங்கள். மயக்கம் கொடுப்பதற்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், யூரியா உள்ளிட்ட ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஒரு விஷயம். மெட்ரோனிடசோல் போன்றவை பயங்கரக் கசப்பு, உடைத்துக் கொடுத்தால் வாயெல்லாம் நுரைக்கும். அது ஒவ்வாமை இல்லை, காலி ஜெலட்டின் கேப்ஸ்யூலில் போட்டுக் கொடுங்கள். டாக்சிசைக்ளின் என்றால் மாத்திரைக்குப் பின் ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீர் கட்டாயம். வறண்டு போனால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும், சில நாளில் எச்சில் திரும்பவும் வடியும். அப்போது பல்லில் தேடிக்கொண்டிருக்காமல் அந்த மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் சொல்லுங்கள்.