மாணவிதான் முதலாளி

கேள்வி: ரஷ்யாவின் டென்னிஸ் கோச் டிமித்ரி டுர்சுனோவ் எந்த வீராங்கனையிடமும் நிலைத்து இருந்ததில்லை. அவரைப் போய் பெரிய கோச் என்கிறார்களே? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: கிரிக்கெட் கோச்சை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள். அங்கே வாரியம் நியமிக்கும், வாரியம் சம்பளம் தரும். டென்னிஸில் சம்பளம் தருவதே திட்டு வாங்கும் மாணவிதான். பிடிக்கவில்லையா, அடுத்த வாரமே கணக்கு முடிந்துவிடும். எனவே எத்தனை வருடம் இருந்தார் என்பதை விடுங்கள். இருந்தபோது என்ன நடந்தது?

2018-இல் பெலாரஸின் சபலென்காவிடம் சேர்ந்தார். அந்த ஆண்டே நியூ ஹேவன், வூஹான் என்று இரண்டு பட்டங்கள். 2021 ஆகஸ்டில் எஸ்டோனியாவின் கொன்டவெயிட் இவரை அழைத்தபோது அந்த வீராங்கனையின் தரவரிசை 30-ஐ ஒட்டி இருந்தது. அடுத்த சில மாதங்களில் க்ளீவ்லாந்து, ஒஸ்ட்ராவா, மாஸ்கோ, க்ளூஜ் என நான்கு பட்டங்கள், ஆண்டிறுதிப் போட்டியில் ஃபைனல். 2022 ஜூனில் உலகின் 2-ஆம் இடம்! அந்த ஜூனிலேயே பிரிவு. உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்ய பாஸ்போர்ட்டுடன் விசா வாங்கி ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. இதற்கும் டுர்சுனோவைத்தான் குறை சொல்வீர்களா? 2023 தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் பென்சிச் அடிலெய்டிலும் அபுதாபியிலும் வென்றபோதும் கோச் இவர்தான்.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. சபலென்காவின் கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகள்) பட்டங்கள் எல்லாம் இவர் போன பிறகு வந்தவை. நின்றுபோன வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து தருவார். ஊர் வரை கூடவே வருகிற ஆள் இல்லை.

ஆட்டக்காரராகவும் அப்படித்தான். 2006-இல் 20-ஆம் இடம் வரை ஏறினார், ஆனால் எந்த கிராண்ட்ஸ்லாமிலும் நான்காவது சுற்றைத் தாண்டவில்லை. ஏழு ஏ.டி.பி. (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ்) பட்டங்களில் முதலாவது மும்பையில் (ஃபைனலில் தோற்றவர் பெர்டிக்). அதே 2006-இல் மாஸ்கோவில் நடந்த, நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பை அரையிறுதியில், ஐந்தாவது செட்டில் அமெரிக்காவின் ராடிக்கை 17–15 என்று சாய்த்தாரே, அந்த ஒரு ஆட்டம் போதும். ரஷ்யா ஃபைனலுக்குப் போனது அப்படித்தான். அந்த ஆண்டு கோப்பையும் அவர்களுக்கே. ஃபைனலில் சஃபினோடு ஜோடி சேர்ந்து இரட்டையர் ஆட்டத்தையும் ஜெயித்தார்.

அப்புறம் பிரிட்டனின் ரடுகானு. அங்கே சில வாரங்கள் சோதனை முயற்சியாகத்தான் இருந்தார். நிபந்தனைகள் ஒத்துவரவில்லை என்று இவரே விலகிவிட்டார். 2021-இல் யு.எஸ். ஓபனை வென்ற கையோடு, வெல்லவைத்த கோச்சையே மாற்றியவர் ரடுகானு. உங்கள் கேள்வியை அந்தப் பக்கம் திருப்பிக் கேளுங்களேன்.