ஜகார்த்தாவில் வென்ற கோப்பை

கேள்வி: இந்தியக் கால்பந்து கிளப் எதுவும் வெளிநாட்டில் போய் ஜெயித்ததே இல்லை என்கிறான் என் தம்பி. உண்மையா?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: இல்லவே இல்லை. ஈஸ்ட் பெங்கால் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

2003 ஜூலையில் ஜகார்த்தாவில் நடந்த, தென்கிழக்கு ஆசிய கிளப்புகளுக்கான ஆசியான் கிளப் கோப்பைக்கு அழைப்பின் பேரில் போன கொல்கத்தா அணி அது. பிரிவுச் சுற்றில் தாய்லாந்தின் பெக் டெரோ சசானாவிடம் 0-1 என்று தோற்றது. பிலிப்பைன்ஸ் ஆர்மியை 6-0 என வென்றதில் ஆறு கோலும் பாய்ச்சுங் பூட்டியாவுடையவை! கால் இறுதி, அரையிறுதி இரண்டிலும் எதிரணி இந்தோனேசிய கிளப்தான். அரங்கமே அவர்கள் பக்கம். அதிலும் பெட்ரோகிமியா புத்ராவுடனான அரையிறுதி பெனால்டி வரை போனது. என்னைக் கேட்டால், கோப்பை அங்கேதான் கைக்கு வந்தது. இறுதியில் மறுபடியும் அதே பெக் டெரோ. ஒகோரோ, பூட்டியா, அல்விட்டோ ஆளுக்கொரு கோல், 3-1. முன்பு தங்களைத் தோற்கடித்த அணியையே பழி தீர்த்த அந்த வெற்றிக்குப் பயிற்சியாளர் சுபாஷ் பௌமிக்கைத்தான் முதலில் பாராட்டுவேன்.

அதற்கப்புறம்? 2013 ஏஎஃப்சி (ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு) கோப்பையில் அரையிறுதி வரை வந்து, குவைத் எஸ்சி அணியிடம் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றார்கள். 2024இல் பூட்டானில் நடந்த ஏஎஃப்சி சேலஞ்ச் லீக் போட்டியின் பிரிவுச் சுற்றில் முதலிடம். ஆனால் ஜகார்த்தா போல இன்னொரு கோப்பைக்கு இன்றும் ஏங்குகிறேன்.